தமிழகத்தில் மருத்துவமனைப் பிரசவத்தின் வரலாறு: எழும்பூர் முதல் ஒரகடம் வரை

தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் மருத்துவமனையில்தான் பிறக்கின்றன. 2019–21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, மாநிலத்தின் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் நடந்தவை. 1992–93இல் முதல் ஆய்வு நடந்தபோது இது மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டவில்லை. ஒரு தலைமுறைக்குள் பிரசவம் வீட்டைவிட்டு முழுமையாக வெளியேறிவிட்டது.

இந்த மாற்றத்தின் தொடக்கம் 1844இல் சென்னையில் உள்ளது. அதன் இன்றைய நிலையைக் காட்டும் இடங்களுள் ஒன்று, பல மாநிலத் தொழிலாளர்கள் வாழும் ஒரகடம். இடைப்பட்ட காலத்தில் மருத்துவமனை எவ்வாறு தாய்மார்களின் நம்பிக்கையைப் பெற்றது, அங்கே தாயின் அனுபவம் எவ்வாறு மாறியது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வீட்டுப் பிரசவமும் மருத்துவச்சியும்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தமிழ்க் குடும்பங்களின் பழைய வழக்கம். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்தி, பெண்ணை அவள் தாய் அழைத்துச் செல்வார். வலி கண்டதும் ஊர் மருத்துவச்சிக்கு ஆள் போகும். பல ஊர்களில் மருத்துவச்சிகள் நாவிதர் குலத்தைச் சேர்ந்தவர்கள். தாயிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் வந்த கைத்தொழில் அது. கூலி பெரும்பாலும் நெல்லாகவும் சேலையாகவும் கொடுக்கப்பட்டது.

மருத்துவச்சிக்குத் தெரிந்தவை பல. வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குழந்தையின் தலை இருக்கும் இடத்தைச் சொல்வார். எண்ணெய் தடவி நீவிவிடுவார். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்கு என்ன உணவு, என்ன மருந்து என்று அறிந்திருந்தார். வலியில் இருக்கும் பெண்ணுடன் விடியவிடிய உட்கார்ந்திருப்பார். ஆனால் பெருகும் இரத்தப்போக்கையோ, வலிப்பையோ, இடுப்பெலும்பில் சிக்கிக்கொண்ட குழந்தையையோ கையாள அவரிடம் வழி இல்லை. அரிவாளாலும் கத்தியாலும் தொப்புள்கொடி அறுக்கப்பட்டதால் ரணஜன்னி கண்டு இறந்த சிசுக்களும் உண்டு.

அந்த இழப்பின் அடையாளங்கள் தமிழகச் சாலையோரங்களில் இன்றும் காணக்கிடைக்கின்றன. இரண்டு நிறுத்தக் கற்களின்மேல் ஒரு படுக்கைக் கல்லாக நிற்கும் சுமைதாங்கிகள் பல, கருவுற்ற நிலையிலோ பிரசவத்திலோ இறந்த பெண்களின் நினைவாக நடப்பட்டவை. வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளின் பெயரால், வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கிவைத்தால் அவள் ஆன்மா ஆறுதல் பெறும் என்பது மக்கள் நம்பிக்கை. பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்னும் வழக்கும் இத்தகைய அனுபவத்திலிருந்து வந்ததே.

எழும்பூர் மருத்துவமனை

1844ஆம் ஆண்டு சென்னையில் ஒரு மகப்பேறு மருத்துவமனை தொடங்கப்பட்டது. இந்தியாவின் மிகப் பழைய மகப்பேறு மருத்துவமனைகளுள் ஒன்றான இது, 1880களின் தொடக்கத்தில் எழும்பூர் பாந்தியன் சாலையில் இப்போதுள்ள இடத்துக்கு மாறியது. மருத்துவச்சிகளுக்கு முறையான பயிற்சி தரும் பள்ளி 1854இல் சென்னையில் தொடங்கப்பட்டது.

அக்காலத்தில் மருத்துவமனைப் பிரசவம் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பாவிலேயே பிரசவ மருத்துவமனைகள் பிரசவக் காய்ச்சலுக்குப் பேர்போனவை. பிணப் பரிசோதனை செய்த கையைச் சரிவரக் கழுவாமல் மருத்துவர்கள் பிரசவ அறைக்கு வருவதே காரணம் என்று 1847இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டறிந்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்ததும் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஆயினும் அவர் சொன்னதை மருத்துவ உலகம் ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. கிருமிநீக்க முறைகள் பரவிய பிறகே மருத்துவமனை வீட்டைவிடப் பாதுகாப்பான இடமாக மாறத் தொடங்கியது.

சென்னையில் இன்னொரு தடையும் இருந்தது. மருத்துவர்கள் அனைவரும் ஆண்கள். கோஷா முறையைப் பின்பற்றிய முஸ்லிம் பெண்களும், சாதி ஆசாரம் மிகுந்த இந்துக் குடும்பங்களின் பெண்களும் ஆண் மருத்துவரிடம் போவதைவிட வீட்டில் சாவதே மேல் என்று வளர்க்கப்பட்டிருந்தனர்.

பெண் மருத்துவர்களின் வருகை

இந்தத் தடையை நேரில் கண்டவர் மேரி ஷார்லீப். வழக்கறிஞரான கணவருடன் 1866இல் சென்னைக்கு வந்த இவர், உதவியின்றி இறக்கும் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, முதலில் மகப்பேறு மருத்துவமனையில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது அவர்களுள் ஒருவரானார். பிரிட்டனிலேயே பல மருத்துவக் கல்லூரிகள் பெண்களுக்குக் கதவடைத்திருந்த காலம் அது. அப்போதைய தலைமை மருத்துவ அதிகாரி எட்வர்டு பால்ஃபர் ஆதரவாக நின்றதால் சென்னையில் அது சாத்தியமானது.

லண்டனில் மேற்படிப்பை முடித்து 1883இல் சென்னை திரும்பிய ஷார்லீப், 1885இல் சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷா பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை உருவாகக் காரணமானார். மக்கள் அதைக் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைத்தனர். சேப்பாக்கத்தில் இன்று கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனையாக இருப்பது அதுவே. பெண் மருத்துவரும் மறைவான அறையும் கிடைக்கும் என்று தெரிந்ததும், அதுவரை வாசலைத் தாண்டாத பெண்கள் வரத் தொடங்கினர்.

இதே தடை திண்டிவனத்தில் வேறொரு வாழ்க்கையையும் திருப்பியது. 1890களில் மிஷன் மருத்துவரான தந்தையுடன் அங்கே தங்கியிருந்த ஐடா ஸ்கடரிடம், ஒரே இரவில் மூன்று ஆண்கள் வெவ்வேறு நேரத்தில் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்றும்படி கேட்டனர். தமக்கு மருத்துவம் தெரியாது, தம் தந்தை வருவார் என்றார் ஐடா. ஆண் வேண்டாம் என்று மூவரும் திரும்பிச் சென்றனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அமெரிக்கா சென்று மருத்துவம் படித்த ஐடா, 1900இல் வேலூருக்குத் திரும்பி ஒற்றைப் படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1902இல் மருத்துவமனையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் உருவாயின. இன்றைய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இவற்றிலிருந்து வளர்ந்தது.

1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற புதுக்கோட்டை முத்துலட்சுமி, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றினார். பின்னாளில் சட்டமன்ற உறுப்பினராகவும் சமூகச் சீர்திருத்தவாதியாகவும் அறியப்பட்ட முத்துலட்சுமி ரெட்டி இவரே. எழும்பூரின் முதல் இந்தியக் கண்காணிப்பாளர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார். அவர் எழுதிய மகப்பேற்று மருத்துவ நூல் இந்திய மாணவர்களுக்குப் பல தலைமுறைகளாகப் பாடநூலாக இருந்துவருகிறது.

ஆரம்ப சுகாதார நிலையமும் கிராம செவிலியரும்

இந்த மருத்துவமனைகள் எல்லாம் நகரங்களில் இருந்தன. நாட்டின் சுகாதார அமைப்பைத் திட்டமிட்ட போர் குழு 1946இல் அறிக்கை அளித்தது. இலட்சுமணசுவாமி முதலியாரும் அதில் உறுப்பினர். கிராமங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேண்டும் என்ற அதன் பரிந்துரையின் வழியில் 1952 முதல் அவை அமைக்கப்பட்டன.

சமவெளிப் பகுதியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது இந்திய அளவுகோல். துணை நிலையத்தில் இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். யார் கருவுற்றிருக்கிறார், யாருக்கு இரத்தசோகை, யாருக்கு முந்தைய பிரசவத்தில் சிக்கல் என்பதெல்லாம் அவர் பதிவேட்டில் இருக்கும். வீடு தேடிச்சென்று இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது, இரத்த அழுத்தம் பார்ப்பது, தயங்கும் மாமியாரிடம் பேசுவது எல்லாம் அவர் வேலை. மருத்துவமனை தன் வாசலில் காத்திராமல் தாயின் வாசலுக்கு வந்தது இவர் வழியாகத்தான்.

இருந்தும், மாலைக்குப் பிறகு பூட்டிக்கிடக்கும் சுகாதார நிலையத்தால் நள்ளிரவு வலிக்குப் பயன் இல்லை. இதைத் தீர்க்க, மூன்று செவிலியர்களை முறைவைத்து நியமித்து ஆரம்ப சுகாதார நிலையங்களை 24 மணி நேரமும் திறந்துவைக்கும் ஏற்பாடு படிப்படியாக மாநிலம் முழுவதும் வந்தது. 2000களில் ஆரம்ப சுகாதார நிலையப் பிரசவங்கள் பெருகியதற்கு இந்த எளிய மாற்றம் முக்கியக் காரணம்.

ஏழைக் கர்ப்பிணிகள் வேலைக்குப் போகாத நாட்களின் கூலி இழப்பை ஈடுகட்ட, 1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் தொடங்கப்பட்டது. 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாயாகவும் உதவி உயர்த்தப்பட்டது.

மூன்று தாமதங்கள்

பிரசவத்தில் தாய் இறப்பதற்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் ஆகிய ஆய்வாளர்கள் 1994இல் விளக்கினர். மருத்துவமனைக்குப் போவது என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என்பன அவை. பிள்ளைப்பேற்றுக்குப்பின் கட்டுக்கடங்காமல் இரத்தம் போகும் பெண் ஓரிரு மணி நேரத்திலேயே இறந்துவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு நிமிடத் தாமதமும் உயிர்ப் பிரச்சினை.

தமிழக நடவடிக்கைகளை இந்த மூன்றின்கீழ் வகைப்படுத்தலாம். கிராம செவிலியரும் நிதியுதவியும் முதல் தாமதத்தைக் குறைத்தன. 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை இரண்டாவதைக் குறைத்தது. அறுவைச் சிகிச்சை, மயக்க மருத்துவர், இரத்தம், பச்சிளங்குழந்தைப் பிரிவு ஆகியவை 24 மணி நேரமும் கிடைக்கும் சீமாங் மையங்கள் அரசு மருத்துவமனைகளில் அமைக்கப்பட்டு மூன்றாவதைக் குறைத்தன.

இவற்றுடன் சேர்ந்து பலன் தந்தது தாய் இறப்புத் தணிக்கை. 1990களில் தொடங்கி, பின்னர் கட்டாயமாக்கப்பட்ட இம்முறையில், பிரசவம் சார்ந்த ஒவ்வோர் இறப்பும் பதிவு செய்யப்பட்டு விசாரிக்கப்படுகிறது. எந்த மணிக்கு வலி கண்டது, வண்டி எப்போது வந்தது, எந்த மருத்துவமனை எங்கே அனுப்பியது என்று கேட்டறிகிறார்கள். மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வில் இறந்தவரின் குடும்பத்தாரும் நடந்ததைச் சொல்ல இடம் தரப்பட்டது. தலைவிதி என்று சொல்லி முடித்த ஒரு சாவு, பதில் சொல்லவேண்டிய சாவாக மாறியது.

மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தமிழகத்தில் இறந்த தாய்மார்கள் 2001–03இல் 134 பேர். 2018–20இல் அது 54 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்திய அளவில் 301இலிருந்து 97 ஆனது.

பிரசவ அறையில் தாய்

எண்கள் குறைந்தாலும், பிரசவ அறை பல தாய்மார்களுக்குத் தனிமையான இடமாகவே இருந்தது. மருத்துவச்சி காலத்தில் வலிப்பவளைச் சுற்றி அம்மாவும் அத்தையும் பாட்டியும் இருந்தனர். மருத்துவமனையில் அவர்கள் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். உள்ளே முகம் தெரியாதவர்கள், பக்கத்துக் கட்டில்களில் அலறல், மறைப்பில்லாத படுக்கை. கத்தினால் அதட்டல், சில இடங்களில் அடி. குழந்தையைக் காட்டக் காசு, ஆண் குழந்தை என்றால் கூடுதல் காசு. அரசு மருத்துவமனைகளில் பிள்ளை பெற்ற பெண்கள் பலர் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த குறைகள் இவை.

இதற்கு மாற்றாகத் தமிழ்நாடு 2004இல் ஒரு முடிவெடுத்தது. அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் தாயுடன் உறவுப்பெண் ஒருவர் இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்டது. பெரும்பாலும் பிள்ளை பெற்ற அனுபவமுள்ள தாயோ அக்காளோ உடனிருப்பார். இந்திய அரசு இதே அனுமதியை வழங்கியது 2016இல். பிரசவ அறையின் தரத்தையும் தாய்க்கு உரிய மரியாதையையும் வலியுறுத்தும் லக்‌ஷ்யா திட்டம் 2017இல் வந்தது.

உடன் ஆள் இருப்பது மன ஆறுதலுக்கு மட்டுமானதன்று. வலி நேரம் முழுவதும் ஒருவர் துணையிருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, இயல்பான பிரசவம் கூடுகிறது, அறுவைச் சிகிச்சை குறைகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு காட்டுகிறது. உலக சுகாதார நிறுவனமும் ஒவ்வொரு தாய்க்கும் அவர் விரும்பும் துணை வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. நடைமுறையில் இடநெருக்கடியாலும் மறைப்புத் திரைகள் இல்லாமையாலும் இந்த உரிமை எல்லா இடத்திலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

பெருகும் அறுவைப் பிரசவம்

அடுத்த கேள்வி அறுவைச் சிகிச்சை பற்றியது. தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் அறுவைப் பிரசவம் 2015–16இல் 34.1 விழுக்காடு. 2019–21இல் அது 44.9 விழுக்காடு. தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36.0 விழுக்காடு. 10 முதல் 15 விழுக்காட்டுக்குமேல் தேவைப்படுவதற்கு நியாயம் இல்லை என்று 1985இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் கருதினர்.

சிக்கிய குழந்தைக்கும், நஞ்சு கீழிறங்கிய நிலைக்கும் அறுவைச் சிகிச்சையே உயிர்காக்கும் வழி. தேவையின்றிச் செய்யும்போது தாய்க்குத் தேறுவதற்கு நாளாகிறது, அடுத்த கருவில் சிக்கல் கூடுகிறது. முன்பு சிகிச்சை கிடைக்காமல் பெண்கள் துன்பப்பட்டனர். இப்போது தேவைக்குமேல் கிடைக்கும் சிகிச்சையும் ஒரு சிக்கலாகியுள்ளது.

ஒரகடத்தின் தாய்மார்கள்

ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஊர். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரம் மாறத் தொடங்கியது. ஒரகடம் சிப்காட் வளாகத்தில் 2010இல் ரெனோ–நிசான் கார் ஆலையும், 2012இல் டெய்ம்லர் லாரி ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் திறக்கப்பட்டன. ஏரிப்பாசன நெல்வயல்கள் இருந்த ஊர்களில் வாடகை அறைகள் வரிசையாக எழுந்தன. பெண் தொழிலாளர்கள் பெருகியதன் அடையாளமாக, அருகிலுள்ள வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட பெண்கள் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

இங்கு வாழும் கர்ப்பிணிக்கு மருத்துவமனைகள் எட்டாத தொலைவில் இல்லை. சுற்றிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், ஸ்ரீபெரும்புதூரில் அரசு மருத்துவமனை, சிக்கலான நிலைக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று அடுக்கு இருக்கிறது. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. பழைய அமைப்பு, ஒரே ஊரில் நிலையாக வாழும் பெண்ணை மனத்தில் கொண்டு உருவானது. கிராம செவிலியர் பகலில் கதவைத் தட்டும்போது, இரவு ஷிப்ட் முடித்த பெண் தூங்கிக்கொண்டிருப்பார் அல்லது ஆலையில் இருப்பார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் பரிசோதனை நாள் செவ்வாய்க்கிழமை. அன்று விடுப்பெடுத்தால் ஒரு நாள் சம்பளம் போகும் தொழிலாளிக்கு, அந்தப் பரிசோதனை இலவசமாக இருந்தாலும் செலவுதான்.

திருவண்ணாமலையிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்தவர் என்றால், ஏழாம் மாதம்வரை ஒரகடத்தில் பரிசோதனை, பிறகு தாய்வீட்டில் பிரசவம். இரண்டு மாவட்டப் பதிவேடுகளையும் இணைப்பது 2008இல் தொடங்கிய பிக்மி என்னும் கணினிப் பதிவு. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தரப்படும் எண், அவர் போகும் ஊருக்கெல்லாம் அவருடைய மருத்துவ வரலாற்றையும் கொண்டுசெல்கிறது.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களுக்கு இன்னும் கடினம். தாய்வீடு இரண்டு இரவு ரயில் பயணத் தொலைவில் இருக்கிறது. வலியை விளக்க மொழி இல்லை. கணவன் வேலைக்குப் போனால், உடனிருக்க உறவுப்பெண் எவரும் இல்லை. 2004இல் கிடைத்த உரிமை இவர்களுக்கு ஏட்டளவில்தான் பயன்படும்.

சட்டப் பாதுகாப்பிலும் இதே இடைவெளி தெரிகிறது. சென்னை மாகாணத்தில் 1934லேயே பேறுகால நலச் சட்டம் இயற்றப்பட்டது. 1961ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கும் சம்பளத்துடன் 26 வார விடுப்பை வழங்கியது. முந்தைய 12 மாதங்களில் 80 நாட்களாவது வேலை செய்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளவருக்கு 70 நாள் சந்தா வேண்டும். நிரந்தரப் பணியாளருக்கு இது எளிது. சில மாதங்களுக்கு ஒருமுறை ஒப்பந்ததாரர் மாறும் பெண்ணுக்கும், காப்பீட்டுப் பதிவே இல்லாத கட்டடத் தொழிலாளிக்கும் கணக்கு முறிந்துபோகும். அவர் மீண்டும் வேலைக்குப் போகும் நாளைத் தீர்மானிப்பது உடல்நலமா, வாடகையா என்ற கேள்வி அங்கே எழுகிறது.

முடிவுரை

தமிழகத்தில் பிரசவம் மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்ததற்குக் கட்டடங்கள் மட்டும் காரணம் அல்ல. பெண் மருத்துவர் வந்தபோது கோஷா பெண்கள் வந்தனர். செவிலியர் வீடு தேடிப் போனபோது கிராமப் பெண்கள் வந்தனர். இரவிலும் கதவு திறந்திருந்தபோது நள்ளிரவில் வலி கண்டவர்கள் வந்தனர். ஒவ்வொரு கட்டத்திலும் தாயின் தயக்கத்துக்கு என்ன காரணம் என்று கேட்டு, அதற்கேற்ப மருத்துவமனை தன்னை மாற்றிக்கொண்டதே முன்னேற்றமாயிற்று.

ஒரகடத்தில் அந்தக் கேள்வி மறுபடியும் கேட்கப்பட வேண்டியிருக்கிறது. ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணுக்கு மாலையில் ஒரு பரிசோதனை நேரம், இந்தியோ ஒடியாவோ பேசத் தெரிந்த ஒருவர், உறவினர் இல்லாதவருக்குப் பிரசவ அறையில் துணையிருக்க ஒரு பெண் என்பவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. எழும்பூரில் 1844இல் தொடங்கிய பணியின் அடுத்த படி அவை.